பரமண்டல ஜெபத்தின் இறுதித் துதி

கிறித்தவர் நாடோறும் ஓதும் ஜெபங்களுள் தலையாயது, இயேசுநாதர் தம் மாணாக்கர்க்குக் கற்பித்ததெனப்படும் பரமண்டல ஜெபம். அதன் இறுதியில், ராஜ்யம், வல்லமை, மகிமை என்னும் மூன்றும் என்றும் இறைவனுக்கே உரியன எனக் கூறுவதொரு துதி உளது. பிராடெஸ்டண்டுச் சபையார் அதனையும் சேர்த்து ஓதுவர். கத்தோலிக்கர் அஃதின்றியே ஜெபத்தை முடிப்பர். ஒரே ஜெபம் இருவேறு முடிவுடையதாய் வழங்குதற்குக் காரணம் யாது? அத்துதி மூலபாடமோ, இடைச்செருகலோ? இடைச்செருகலாயின் விலக்கற்பாலதோ? இவை ஈண்டு ஆராயப்படும்.

இந்த ஜெபம் மத்தேயு சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்தும், லூக்கா சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தும் காணப்படும். லூக்காவில் இத்துதி இல்லை. மத்தேயுவினும், 4-ஆம் நூற்றாண்டினவாகிய வத்திக்கான் ஏட்டிலும் சீனாய் ஏட்டிலும் இல்லை. பிற்காலத்துக் கிரேக்க ஏடுகளுள் பெரும்பாலனவற்றில் உளது. அவற்றைத் தழுவி எராஸ்மஸ் 1516-இல் கிரேக்க மூலத்தை அச்சிட்டார். அவ்வழி வந்த 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இத்துதியை ஏற்றது. 1881-இல் வெளிவந்த திருத்தப் பதிப்போ அதனை நீக்கி விளிம்பிற் குறித்தது. பழைய ஏடுகளின் சான்று வலியுடைத்தாதலின், மத்தேயுவின் மூலத்தில் இத்துதி இல்லை என்பதே அறிஞருட் பெரும்பாலார் துணிபு.

அற்றேல், பிற்காலத்தார் கற்பனையெனத் தள்ளிவிடலாமெனின், அது பொருந்தாது. என்னை? 'திதாகே' என்னும் பழைய நூல் 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிரியன்னியோஸ் என்பவராற் கண்டெடுக்கப்பட்டு, 1883-இல் அச்சேறியது. திருச்சபையின் முற்காலத்ததாகிய அந்நூல், இந்த ஜெபத்தை நாடோறும் மும்முறை ஓதுக என விதித்து, வல்லமை, மகிமை என்னும் இரண்டு மட்டும் உடைய துதியால் முடிக்கின்றது. ஆகலின், மிகப் பழங்காலத்தேயே அத்துதி வழிபாட்டில் வழங்கிற்று என்பது போதரும். கத்தோலிக்கரும் 1969-இல் வகுத்த திருப்பலி முறையில், ஜெபத்தின்பின் குருவின் மன்றாட்டொன்றை இடையிட்டு, இத்துதியை மக்கள் விடையாகக் கூறுமாறு அமைத்தனர்.

இனி, பொருளை நோக்குவோமாயின், இத்துதி முதல் நாளாகமம் 29-ஆம் அதிகாரத்தை ஒத்திருத்தல் புலனாம். ஆலயத் திருப்பணிக்குப் பொன்னும் வெள்ளியும் குவித்த தாவீது அரசன், வல்லமையும் மகிமையும் ராஜ்யமும் இறைவனுடையன என்றும், தான் அளித்தனவும் அவன்பாற் பெற்றனவே என்றும் சபைமுன் கூறினான். முடி தரித்தோன் ஒருவன் தன் வலியைத் தனதன்றென இறக்கிவைத்த சொல் அது.

கிரேக்கத்தில் இத்துதி, 'ஏனெனில்' எனப் பொருள்படும் 'ஹொதி' என்னும் சொல்லால் தொடங்கும். ஆகவே, இது வெறும் புகழ்ச்சியன்று. முன்னர்க் கூறிய வேண்டுதல்கட்கெல்லாம் ஏது. உணவும் மன்னிப்பும் மீட்பும் வேண்டுவோன், தன் தகுதி பற்றி வேண்டுகின்றானல்லன். கொடுப்போனுடைய ஆற்றல் பற்றி வேண்டுகின்றான். தொடக்கத்துப் 'பிதா' என்னும் சொல் அன்பைக் காட்டும். இறுதித் துதி வல்லமையைக் காட்டும். வலியில்லா அன்பு இரங்குமேயன்றிக் காவாது. அன்பில்லா வலி அச்சமே தரும்.

ராஜ்யம் வருக என முன்னர் வேண்டி, ராஜ்யம் உம்முடையது எனப் பின்னர்க் கூறல் முரணன்றோ எனின், அன்று. இரவில் வழிநடப்போன் ஞாயிறு உண்டென்று அறிந்தே விடியலை வேண்டுகின்றான். இறைவனது உரிமை என்றும் உளது. அது மண்ணில் விளங்குதலே வேண்டப்படுவது.

எனவே, இத்துதியை மத்தேயுவின் வாக்கென யாதொரு குறிப்புமின்றி அச்சிடுதல் நேர்மையன்று. வழிபாட்டினின்று அதனைக் களைதலும் முறையன்று. ஆசிரியன் சொல்லன்றாயினும், அது கேட்டோர் உள்ளத்தெழுந்த விடை. ஆயின், வல்லமையும் மகிமையும் உம்முடையனவே என நாவால் ஓதுவோர், அவற்றைத் தம்முடையனவாகக் கொண்டு பிறரை ஒடுக்குவராயின், அவர் ஓதிய துதியே அவர்க்கு எதிர்ச்சான்றாய் நிற்கும்.