குழந்தைகளின் உளக்காய வினாநிரல்களும் தமிழாக்கமும் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

போர், பேரிடர், விபத்து, வன்கொடுமை ஆகியவற்றுக்கு ஆளான குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மனநல உதவி அளிக்க முற்படுவோர் தொடக்கத்திலேயே கையாளும் கருவிகளுள் ஒன்று வினாநிரல் ஆகும். உடல்வெப்பத்தை அளக்கும் கருவி எந்நாட்டிலும் ஒரே வகையில் இயங்கும். வினாநிரலோ முழுவதும் மொழியால் ஆனது. வினாவின் சொல் மாறினால் விடை மாறும். விடை மாறினால் மதிப்பெண் மாறும். மதிப்பெண் மாறினால் உதவி தேவைப்படும் குழந்தை பட்டியலிலிருந்து விடுபடக்கூடும். எனவே இவ்வகை மொழிபெயர்ப்பில் நேரும் பிழை வெறும் நடைப்பிழையாக நின்றுவிடுவதில்லை.

தமிழ் பேசும் குழந்தைகளிடையே இத்தேவை அண்மைக் காலத்தில் பெரிதும் உணரப்பட்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நிகழ்ந்த பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை நீடித்த போருக்கு இடையே ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களுக்குப் பின் இலங்கையின் மூன்று கடற்கரை ஊர்களில் 264 குழந்தைகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2006-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஊருக்கு ஊர் 14 முதல் 39 விழுக்காடு வரையிலான குழந்தைகள் உளக்காயத்தின் பின்விளைவான கோளாறுக்கு உட்பட்டிருந்தனர் என்று கூறியது. அவ்வூர்களுள் ஒன்று வடகரையில் உள்ள மணற்காடு. இத்தகைய எண் ஒவ்வொன்றின் பின்னாலும் குழந்தையின் மொழியில் கேட்கப்பட்ட வினாக்கள் உள்ளன என்பதை மொழியியலார் மறத்தல் இயலாது.

இத்துறைத் தமிழாக்கங்கள் பெரிதும் பெயர்ச்சொல்லாகிய கலைச்சொல்லின் மீதே உழைப்பைச் செலவிட்டன என்பதும், குழந்தை தன் துன்பத்தை உரைக்கும் வினைச்சொல் போதிய கவனம் பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். கீழே தரப்படும் தொடர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. எக்குறிப்பிட்ட பதிப்பின் வாசகமும் அன்று.

2. கலைச்சொல் தேர்வு

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பகுப்பு நூல் 1980-இல் இக்கோளாறுக்குத் தனி இடம் அளித்தபின் உலக மொழிகள் பலவும் அதற்குப் பெயர் தேட நேர்ந்தது. மூலச்சொல் கிரேக்கத்தில் காயத்தைக் குறிப்பது. அதனை ஒலிபெயர்த்து ஆளும் வழி தமிழில் அடைபட்டுள்ளது. 'டிராமா' என்ற சொல் நாடகம் என்ற பொருளிலும், பேச்சில் பொய்யான நடிப்பு என்ற பொருளிலும் முன்னரே வேரூன்றியுள்ளது. துன்புற்ற குழந்தையைச் சுட்ட அச்சொல் பயன்படின் விளையும் கேடு வெளிப்படை.

வழக்கில் உள்ள தமிழ்ச் சொற்களுள் 'அதிர்ச்சி', 'மனவடு', 'உளக்காயம்' ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கன. 'அதிர்ச்சி' எளிமையானது, ஆயின் அது நிகழ்வின் கணத்தைக் குறிக்கிறதேயன்றி அதன் பின்விளைவைக் குறிப்பதில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பகுப்பின் பதினோராம் திருத்தம், நீண்ட காலம் திரும்பத் திரும்ப நேரும் கொடுமையின் விளைவாக எழத்தக்க சிக்கலான வடிவத்தைத் தனியே பிரித்துள்ளது. பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே அடிபட்டு வளர்ந்த சிறுமியின் நிலையை 'அதிர்ச்சி' என்ற சொல் தாங்காது.

'மனவடு' யாழ்ப்பாணத்து உளமருத்துவ எழுத்துகளின் வழிப் பரவிய சொல்லாகும். ஊர் முழுதும் அழிவைக் கண்ட சூழலில், அழியாத தடம் என்ற பொருளில் அச்சொல் சான்றுரைக்கும் ஆற்றலைப் பெற்றது. அவ்வகையில் அது தக்க தேர்வேயாகும். எனினும் குழந்தை மருத்துவத்தில் அச்சொல் இரு இடர்களைத் தருகிறது. முதலாவது, திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் ஆறும் புண்ணையும் ஆறாத வடுவையும் எதிர்நிறுத்துகிறது. அக்குறளைப் பள்ளியில் பயின்றவர்க்கு 'வடு' ஆறாமையின் பெயராகும். குணமாக்க வந்தவர் நோய்க்கு ஆறாதது என்று பெயரிட்டுத் தொடங்குவது முரணாகும். காயம் மூடியபின் எஞ்சுவதே வடு என்னும் மருத்துவப் பொருளைக் கூறி இதனை மறுக்கலாம். ஆயின் இலக்கிய மரபின் பொருளே செவியில் முந்தி நிற்கிறது. இரண்டாவது, 'வடு' என்பதற்குக் குற்றம், பழி என்ற பொருள்களும் பழந்தமிழில் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தையிடம் களங்கத்தின் சாயல் படிந்த சொல்லைக் கூறுவது, அக்குழந்தை ஏற்கெனவே சுமக்கும் குற்றவுணர்வுக்குத் துணைபோவதாகும்.

'உளக்காயம்' மூலப்பொருளுக்கு நெருங்கியது. ஆறுதலுக்கும் இடம் தருவது. இக்கட்டுரை அதனையே ஆள்கிறது. இருப்பினும் எப்பெயரைத் தேர்ந்தாலும் குழந்தை அதனை உச்சரிக்கப் போவதில்லை. மருத்துவரின் அறிக்கையில் மட்டுமே அச்சொல் வாழ்கிறது. குழந்தை சந்திப்பது வினாவை. வினாவின் உயிர் வினைச்சொல்லில் உள்ளது.

3. வினைச்சொல்லும் உணர்வோனும்

குழந்தைகளுக்கெனப் பரவலாகப் பயன்படும் கருவிகளுள் ஒன்று, நார்வே நாட்டுப் பெர்கன் நகரைச் சார்ந்த குழந்தைகளும் போரும் அறக்கட்டளை வழங்கும் நிகழ்வுத் தாக்க அளவுகோல் ஆகும். மார்டி ஹொரோவிட்ஸும் உடனாய்வாளர்களும் 1979-இல் வயதுவந்தோருக்கு வெளியிட்ட அளவுகோலிலிருந்து அது உருவானது. எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள, தாமே படிக்கத்தக்க குழந்தைகளுக்குரியது. எட்டு வினா வடிவத்தில் நினைவின் ஊடுருவலைப் பற்றி நான்கும், நினைவைத் தவிர்த்தலைப் பற்றி நான்கும் உள்ளன. பதின்மூன்று வினா வடிவத்தில் உடல், மனப் பதற்றம் பற்றி மேலும் ஐந்து சேர்கின்றன.

ஊடுருவல் என்பது விரும்பாமலே வரும் நினைவு. விருப்பமின்மையைக் காட்ட ஆங்கிலத்திற்குத் தனித் துணைத்தொடர் தேவைப்படுகிறது. தமிழிலோ வினையமைப்பே அதனை உணர்த்திவிடும்.

(1) அ. நீ விரும்பாதபோதும் அதைப் பற்றிச் சிந்திக்கிறாயா?
ஆ. உனக்கு அது தானா ஞாபகம் வருதா?

(1அ) இல் குழந்தை எழுவாய். 'சிந்திக்கிறாய்' என்ற வினை அதனைச் செயல் செய்வோனாக்குகிறது. 'விரும்பாதபோதும்' என்ற அடை அச்செயலை மறுக்கிறது. தொடர் தன்னுடனேயே முரண்பட்டு நிற்கிறது. (1ஆ) இல் குழந்தை நான்காம் வேற்றுமை ஏற்று உணர்வோனாக நிற்க, நினைவு தானே வருகிறது. தமிழ் இலக்கணம் இயல்பாகச் செய்யும் இப்பகுப்பு, உளவியல் வேண்டும் பகுப்பே ஆகும். 'கண்ணுக்குள்ளேயே நிற்கிறது', 'தூக்கிவாரிப் போடுகிறது' போன்ற வழக்குகளும் ஊடுருவலையும் திடுக்கிடலையும் மிகத் துல்லியமாகக் குறிக்கின்றன.

அச்சம் பற்றிய வினாக்களிலும் இவ்வேறுபாடு விளைவுடையது.

(2) அ. நீ பயப்படுகிறாயா?
ஆ. உனக்குப் பயமா இருக்கா?

(2அ) வினவுவதோடு இடித்துரைப்பதாகவும் ஒலிக்கும். பதின்மூன்று வயதுச் சிறுவன் அதற்கு 'இல்லை' என்றே விடையளிப்பான். கோழை என்ற பெயரை அவன் மறுக்கிறான். (2ஆ) அவன் ஆண்மையைக் கேள்விக்கு உட்படுத்துவதில்லை.

உருவகங்களும் ஆராயத்தக்கன. மேற்குறித்த அளவுகோலின் ஒரு வினா உணர்ச்சிப் பெருக்கை அலையாக உருவகிக்கிறது. மூல மொழியில் அது தேய்ந்த உருவகம். நாகப்பட்டினத்துக் கடற்கரைக் குழந்தைக்கு 2005-இல் அலை உருவகம் அன்று. தாயைக் கொண்டுபோன பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர் வினாநிரலுக்குள் நிகழ்வையே மீண்டும் கொணர்ந்தவராவார்.

4. அளவைச் சொற்களும் மறுப்பு விடையும்

அவ்வளவுகோலில் கடந்த ஏழு நாள்களின் அனுபவத்தைக் குழந்தை நான்கு படிகளில் குறிக்க வேண்டும். 'இல்லவே இல்லை' என்பதற்கு 0, 'அரிதாக' என்பதற்கு 1, 'சில வேளைகளில்' என்பதற்கு 3, 'அடிக்கடி' என்பதற்கு 5 என மதிப்பெண் அமைகிறது. எட்டு வினா வடிவத்தில் 17-உம் அதற்கு மேலும் பெறுவோர் மேலாய்வுக்கு உரியோர்.

'அரிதாக' எட்டு வயதுக் குழந்தையின் பேச்சில் இல்லாத சொல். அதற்கு மாற்றாக எளிதில் தோன்றுவது 'எப்போதாவது'. விடையில் அது குறைந்த அளவைச் சுட்டும். வினாவிலோ, 'எப்போதாவது கடலைப் பார்த்திருக்கிறாயா?' என்பதுபோல், ஒருமுறையேனும் என்ற பொருள் தரும். அந்நிலையில் நிகழ்வு பலமுறை நேர்ந்த குழந்தையும் அக்கட்டத்தைக் குறிக்க வாய்ப்புண்டு. நான்கு வினாக்களில் மூன்றாம் படியில் நிற்க வேண்டியவன் இரண்டாம் படியைக் குறித்தால் 8 மதிப்பெண் குறையும். இது 17-இல் ஏறத்தாழப் பாதி. ஓர் இடைச்சொல்லின் விலை இதுவாகும். நாள்களை எண்ணிக் கேட்டலோ, நான்கு கிண்ணங்களில் கூழாங்கற்களை இட்டுக் காட்டலோ இவ்விடத்தில் சொல்லைவிடப் பயன் தரும்.

எதிர்மறை வினாவும் இத்தகையதே. 'ராத்திரி தூக்கம் வரலையா?' என்ற வினாவுக்கு 'இல்லை' என்ற விடை, தூக்கம் வரவில்லை என்றும் பொருள்படும். அப்படியொன்றும் இல்லை என்றும் பொருள்படும். இவ்விடத்தில் வட்டார வேறுபாடும் கருதத்தக்கது. யாழ்ப்பாணக் குழந்தைக்கு 'நித்திரை' அன்றாடச் சொல். தஞ்சைக் குழந்தைக்கு அது ஏட்டுச் சொல். விளிமுறையிலும் அங்கு 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் இடைப்பட்ட 'நீர்' உண்டு. ஒரே தமிழாக்கம் பாக் நீரிணையின் இரு கரைகளுக்கும் பொருந்தும் என்ற எண்ணம் ஆய்வுக்குரியது.

5. மீள்மொழிபெயர்ப்புச் சோதனை

இவ்வகைக் கருவிகளின் தமிழாக்கத்தைச் சரிபார்க்க, 1970-இல் ரிச்சர்டு பிரிஸ்லின் விளக்கிய மீள்மொழிபெயர்ப்பு முறை பெரிதும் கைக்கொள்ளப்படுகிறது. தமிழாக்கத்தை வேறொருவர் மூல மொழிக்குத் திருப்பிப் பெயர்க்க, இரண்டும் ஒப்பிடப்படுகின்றன. விடுபாடுகளையும் பொருள் திரிபுகளையும் கண்டறிய இம்முறை உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயின் தமிழைப் பொறுத்தவரை அதனுள் ஒரு குறை பொதிந்துள்ளது. (1அ) போன்ற செயற்கைத் தொடர் பிழையின்றி மூலத்திற்குத் திரும்பும். ஏனெனில் அது மூலத்தின் அமைப்பையே சுமந்து நிற்கிறது. (1ஆ) போன்ற இயல்பான தொடர் சற்று வேறுபட்டே திரும்பும். இதனால் குழந்தைக்குப் புரியாத வாசகம் தேர்ச்சி பெறவும், புரியும் வாசகம் திருத்தத்திற்கு உள்ளாகவும் நேர்கிறது.

சோதிப்போர் இருவரும் இருமொழி கற்ற பெரியோர். எழுத்துத் தமிழில் ஊறியவர். எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தொலைவை இச்சோதனை காணவே இயலாது. படித்துக் காட்டப்படும்போது எழுத்து வழக்குத் தேர்வறையின் குரலாகிறது. தேர்வில் குழந்தை தேடுவது சரியான விடையை. தன் விடையை அன்று.

6. மக்கள் வழக்கு தரும் வளம்

இரவில் அலறி எழும், உண்ண மறுக்கும் குழந்தையைத் தமிழ்த் தாயர் 'பயந்துவிட்டான்' என்பர். வேப்பிலை அடித்தலும் மந்திரித்தலும் அதனையொட்டி நிகழும். நம்பிக்கையை ஒதுக்கி மொழியை மட்டும் நோக்கின், இத்தொடர் வியப்பளிப்பது. முன்னர் நேர்ந்த ஒன்று முடிந்தும் முடியாமல் இன்றைய உடலில் தொடர்கிறது என்பதை 'விடு' என்ற துணைவினை உணர்த்துகிறது. மருத்துவப் பகுப்பின் கட்டமைப்பும் இதுவே. 'எதைப் பார்த்துப் பயந்தான்?' என்ற வினாவிலிருந்து உரையாடலைத் தொடங்கும் வாய்ப்பை இவ்வழக்கு அளிக்கிறது. அதன் எல்லையையும் மறைத்தல் கூடாது. பேயைக் காரணமாக்கி, வீட்டில் உள்ள ஒருவரின் கொடுமையை மூடிமறைக்கவும் அதே வழக்கு துணைபோகக்கூடும்.

மீட்சியைக் குறிக்கும் சொற்களில் இவ்வளம் இன்னும் தெளிவாகப் புலப்படும். திட்ட அறிக்கைகள் 'மறுவாழ்வு', 'மீண்டெழும் திறன்' என்று பேசுகின்றன. மக்கள் 'தேறிவிட்டான்' என்கின்றனர். 'தேறு' தன்வினை, 'தேற்று' அதன் பிறவினை. துன்பத்திலிருந்து தெளிவதும் துன்புற்றவரைத் தெளிவிப்பதும் ஒரே அடிச்சொல்லின் இரு வடிவங்கள். குழந்தை தனியே மீள்வதில்லை, அதனைத் தேற்றுவார் வேண்டும் என்ற கருத்தை இவ்விணை இலக்கணமாகவே வைத்துள்ளது. குழந்தையைத் தனியனாகக் கொண்டு அளக்கும் வினாநிரல்கள் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நலம்.

7. சட்டமும் குழந்தையின் சொல்லும்

இச்சிக்கல் மருத்துவமனையோடு முடிவதில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, குழந்தை கூறியவாறே வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்கிறது. தேவைப்படின் மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறவும் வழி செய்கிறது. 'கூறியவாறே' என்பது மொழியியலாருக்கு விடுக்கப்பட்ட கட்டளையாகும். 'அந்த மாமா கிட்ட வந்தாலே வயித்தைக் கலக்கும்' என்ற தொடர் 'எதிரியைக் கண்டு அச்சமுற்றேன்' என்று எழுதப்படின், உறவும் உடலும் வழக்கமாகத் தொடர்ந்த காலமும் ஒருங்கே நீங்கிவிடுகின்றன. சட்டத்திற்கு வேண்டிய சான்றும் மருத்துவத்திற்கு வேண்டிய அறிகுறியும் அந்நீங்கிய பகுதியிலேயே இருந்தன.

8. முடிவுரை

உளக்காயம் பற்றிய தமிழாக்கம் மதிப்பிடப்பட வேண்டிய இடம் கலைச்சொற் பட்டியல் அன்று; வினாவுக்கும் விடைக்கும் இடைப்பட்ட வெளியாகும். குழந்தைகளின் இயல்பான கூற்றுகளை வட்டாரந்தோறும் தொகுத்தல், அவற்றிலிருந்து வினைகளைத் தேர்தல், ஒவ்வொரு வினாவையும் குழந்தை தன் சொல்லில் திருப்பிக் கூறச் செய்து சோதித்தல் ஆகிய மூன்றும் மீள்மொழிபெயர்ப்புக்கு முன் நிகழவேண்டியவை. மூன்றும் மொழியியலாரின் பயிற்சிக்கு உட்பட்டவை. மருத்துவர் தனித்துச் செய்ய இயலாதவை. ஒன்றைத் தவறாகக் கேட்டபின் கிடைக்கும் 'இல்லை' என்ற விடை, கணக்கில் நலமாகவே பதிவாகும். அக்குழந்தையோ தேற்றுவாரின்றி வீடு திரும்பும்.