இருக்கிற கைக்கு மேல் இன்னொரு கை

கதையில் வரும் இயந்திரக் கை, இல்லாத கையின் இடத்தில் இருக்கிறது. காஸ்பிளேக்காக நாம் செய்யும் இயந்திரக் கையோ இருக்கிற கையின் மேல் உட்கார்கிறது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் இந்த வகைப் பொருட்களில் எது நன்றாக வந்திருக்கிறது, எது வெறும் பளபளப்பு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' மாங்காவின் எட்வர்ட் எல்ரிக், தன் ஆட்டோமெயில் கையின் மேல் சட்டை, சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறான். 2011இல் வந்த 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' விளையாட்டில் ஆடம் ஜென்சனின் கறுப்புக் கைகளும் அப்படியே, நீளக் கோட்டுக்குள் அடங்கிவிடும். அதையே அட்டையில் செய்து மாட்டிப் பாருங்கள். உள்ளே நம் சதை, அதற்கு மேல் துணி, அதற்கு மேல் அட்டை, ரெசின், பட்டி, பெயின்ட். கை தடித்துவிடும். கோட்டு ஏறாது. புகைப்படங்களில் கோணத்தை வைத்துச் சமாளிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'சைபார்க்' என்ற சொல்லை 1960இல் மேன்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் இருவரும் விண்வெளிப் பயணம் பற்றிய ஒரு கட்டுரைக்காக உருவாக்கினார்கள். பூமியின் சூழலை ஒரு உடைக்குள் அடைத்து எடுத்துக்கொண்டு போவதைவிட, அங்கே வாழ்வதற்கு ஏற்ப மனித உடலையே மாற்றிவிடலாமே என்பது அவர்கள் வாதம். அதாவது சைபார்க் என்பது உடைக்கு மாற்றாக யோசிக்கப்பட்ட ஒன்று. காஸ்பிளே அதைத் திரும்பவும் உடையாக்கிவிட்டது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் செய்கிறவருக்கு இந்த முரண் தெரிந்திருக்கிறதா இல்லையா என்பது அவர் செய்த கையில் தெரியும்.

இங்கே நான் பேசுவது காகித டெம்ப்ளேட்டில் செய்யும் கைகளைப் பற்றி மட்டும். வழி எளிமையானது. ஒரு முப்பரிமாண மாடலை எடுத்து, அதன் முகங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, டாமா சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 'பெப்பகூரா டிசைனர்' மென்பொருளில் போட்டால், அது மாடலை விரித்துத் தட்டையான துண்டுகளாகத் தரும். பேப்பர் கிராஃப்ட் என்பதை ஜப்பானியர்கள் சுருக்கிச் சொன்னதுதான் பெப்பகூரா. ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு எண் இருக்கும்; 47 என்று போட்ட விளிம்பு இன்னொரு 47ஐத் தேடிப் போய் ஒட்ட வேண்டும். மேல்மடிப்புக்கு ஒரு வகைக் கோடு, உள்மடிப்புக்கு வேறொரு வகை. 200 ஜிஎஸ்எம் சுற்றுவட்டாரத்தில் உள்ள தாளில் அச்சடித்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கோட்டின் மேல் லேசாகக் கீறி, வெட்டி, மடித்து, ஒட்ட வேண்டியதுதான். பொறுமை இருந்தால் போதும் என்பார்கள். பொறுமை மட்டும் போதாது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல் விஷயம், விரிப்பது ஒரு வாசிப்பு. இது மென்பொருள்காரனின் மிகையாகத் தோன்றலாம். பொருளின் எந்த விளிம்பை வெட்டுவது, எதை மடிப்பாக விடுவது என்பது கணக்கில் ஒரு கிராஃப் பிரச்சினை. குவிந்த பன்முகி ஒன்றை ஒரே துண்டாக விரிக்க வேண்டுமென்றால், வெட்டப்படும் விளிம்புகள் எல்லா முனைகளையும் தொட வேண்டும். ஆனால் எங்கும் வளையமாகச் சேரக் கூடாது. கல்லூரியில் படித்த ஸ்பேனிங் ட்ரீதான். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட அளவியல் நூலிலேயே திண்மங்களை இப்படி விரித்து வரைந்து காட்டியிருக்கிறார். எல்லாக் குவிந்த பன்முகியையும் விளிம்போடு வெட்டி ஒன்றின்மேல் ஒன்று படாமல் ஒரே துண்டாக விரிக்க முடியுமா என்று 1975இல் ஷெப்பர்ட் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஒரு கை குவிந்த பன்முகிகூட இல்லை. பள்ளமும் மேடுமாக இருக்கும், எத்தனையோ துண்டுகளாக உடையும். எங்கே உடைப்பது என்பது விரிப்பவரின் தீர்மானம்.

மென்பொருளில் தானாக விரிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை மட்டும் அமுக்கிவிட்டுப் பகிரப்பட்ட கோப்புகளை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். தையல் புறங்கையின் நடுவில் ஓடும்; முன்னங்கைத் தகடு ஒன்று சம்பந்தமே இல்லாத மூன்று தாள்களில் சிதறிக் கிடக்கும். நல்ல கோப்பு அப்படி இருக்காது. அந்த இயந்திரம் நிஜத்தில் எங்கே பிரியுமோ அங்கேயே காகிதமும் பிரியும். மெக்கானிக் ஸ்குரூவைக் கழற்றி எந்தத் தகட்டை முதலில் எடுப்பாரோ அதுவே ஒரு தனித் துண்டாக வந்திருக்கும். இப்படிப்பட்ட கோப்புகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஒரு புனைபெயரோடு நின்றுவிடுகிறார்கள். கை தட்டல் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்பவருக்குப் போய்விடுகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒரு கையைப் பார்த்து 'நல்ல வேலை' என்று சொல்லும்போது பாதி நேரம் நாம் பாராட்டுவது அந்தப் புனைபெயரைத்தான்.

இரண்டாவது, காகிதத்துக்கு என்று ஒரு பட்சபாதம் இருக்கிறது. தாளை உருளையாக்கலாம், கூம்பாக்கலாம். பந்தாக்க முடியாது, கசங்கும் அல்லது கிழியும். 1827இல் காஸ் நிறுவியதன் நேரடி விளைவு இது: ஒரு பரப்பை நீட்டாமல், சுருக்காமல் வளைத்தால் அதன் உள்ளார்ந்த வளைவு மாறுவதில்லை. முன்னங்கை கிட்டத்தட்ட ஒரு கூம்பு, அதனால் காகிதம் சந்தோஷமாக ஒத்துழைக்கும். தோள் பந்து. அங்கே போனதும் மக்கர் பண்ணும். 2004 சிக்ராஃப் மாநாட்டில் ஜூன் மிதானி, ஹிரோமாசா சுசுகி இருவரும் வைத்த ஆய்வு இதற்குத்தான் வழி தேடியது. வளைந்த உருவத்தைப் பட்டைப் பட்டையாகத் தோராயப்படுத்தி விரிக்கும் முறை. எவ்வளவு செய்தாலும் தோராயம்தான். தசையைக் காகிதத்தில் செய்தால் பொம்மை மாதிரி இருக்கும். இயந்திரம் ஏற்கெனவே தகடும் மடிப்பும் இணைப்புமாக இருப்பதால் அது காகிதத்துக்குள் இயல்பாக வந்து உட்கார்கிறது. காகிதக் கலைஞர்கள் இந்தப் பக்கம் குவிந்ததற்கு ரசனை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. தாளே அவர்களை இங்கே தள்ளியிருக்கிறது.

கவசம் செய்பவர்களும் இதே டெம்ப்ளேட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். 'ஹேலோ' விளையாட்டின் மாஸ்டர் சீஃப், அயர்ன் மேன் எல்லாம் இந்த முறையில் ஆயிரக்கணக்கானவர்கள் கட்டியவை. கவசத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. அதுவும் உடலுக்கு மேல் போடுவதுதான், கதையிலும் அப்படித்தான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், கவசம் கட்டிப் பழகிய கை அதே பழக்கத்தில் சைபார்க் கையையும் கட்டும்போது. அப்போது முதலில் காணாமல் போவது சதையும் உலோகமும் சந்திக்கும் இடம்.

ஹிரோமு அராகாவா 2001இலிருந்து 2010 வரை வரைந்த அந்தத் தொடரில் இந்தச் சந்திப்பு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். எட்வர்டின் தோளைச் சுற்றி உலோகப் பூண், அதைச் சுற்றித் தழும்பு. கையை மாட்டும் கணத்தில் நரம்புகள் இணையும்போது பல்லைக் கடிக்கிறான். சாதாரணமாக மூன்று வருடம் ஆகும் மறுவாழ்வுப் பயிற்சியை ஒரு வருடத்தில் முடிக்கிறேன் என்று சிறுவன் ஒருவன் சொல்கிறான். வடக்கே பனிப்பிரதேசத்துக்குப் போனால் பழைய உலோகம் உடலுக்கே ஆபத்து. குளிரைத் தாங்கும் வேறு கலவையில் கை மாற்ற வேண்டியிருக்கிறது. இதெல்லாம் அலங்காரத் தகவல்கள் இல்லை. கதையே இந்தப் பூணில்தான் தொங்குகிறது. ஆனால் நான் பார்த்த டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை தோளில் ஒரு வெற்று வளையத்தோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் ஒரு எலாஸ்டிக் பட்டை, சட்டைக்குள் ஒரு கொக்கி. பார்ப்பவர் கண்ணுக்கு அது கழற்றிவைக்கக்கூடிய ஒரு சாமானாகத் தெரிகிறது. எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவழிக்க வேண்டிய அந்த நான்கு அங்குலத்தை யாரும் செய்வதில்லை.

தமிழ் வாசகருக்கு உலோகக் கை ஒன்றும் புதிதல்ல. பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 1962இல் தொடங்கிய 'ஸ்டீல் க்ளா'தான் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக, இரும்புக்கை மாயாவியாக, சிவகாசிக்கு வந்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். டெம்ப்ளேட் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வரும். திரையில் கை இருக்கிறது. அதற்குரிய ஆள் எங்கும் இல்லை.

ஆள் இல்லாததன் விளைவை முதலில் சொல்வது ஸ்கேல். மென்பொருளில் உயரத்தை மில்லிமீட்டரில் கொடுத்தால் மொத்தமும் ஒரே விகிதத்தில் பெரிதாகும். உடம்பு அப்படி ஒரே விகிதத்தில் இல்லை. என் முன்னங்கையின் நீளத்துக்குச் சரிசெய்தபோது மணிக்கட்டு தண்ணீர்க் குடத்தின் கழுத்து மாதிரி வந்தது. மணிக்கட்டுக்குச் சரிசெய்தால் முழங்கைக்குக் கீழ் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அளவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். நிஜமான செயற்கைக் கை செய்பவர்கள் எடுத்தவுடன் சதவீதம் போடுவதில்லை. எஞ்சியிருக்கும் கையின் வடிவத்தை அச்செடுத்தோ ஸ்கேன் செய்தோ தொடங்குகிறார்கள். ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே, இன்னொருவருக்கு மேலே, ஒவ்வொன்றும் வேறு வடிவம்.

அந்த உலகமும் இந்த உலகமும் ஒருமுறை நேராகவே சந்தித்தன. பிரிஸ்டலைச் சேர்ந்த ஓபன் பயானிக்ஸ் நிறுவனம், டியூஸ் எக்ஸைச் செய்த ஐடோஸ் மான்ட்ரியலுடன் சேர்ந்து 2016இல் ஜென்சனின் கை வடிவத்தில் நிஜமான செயற்கைக் கையை உருவாக்கியது. 2018இல் அவர்கள் வெளியிட்ட 'ஹீரோ ஆர்ம்' கைக்கு அயர்ன் மேன், ஸ்டார் வார்ஸ் உறைகளைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். தடிமன் பிரச்சினை அங்கே இல்லை, உள்ளே ஒளித்துவைக்க இன்னொரு கை இல்லை என்பதால். கை உள்ளவர்கள் சைபார்க் வேடம் போடுவது, கை இழந்தவர்களைக் கேலி செய்வதாகாதா என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். வேடம் போடுவதில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தழும்பையும் பூணையும் விட்டுவிட்டுத் தகடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது நாம் ஒருவரின் இழப்பைக் கழித்துவிட்டு அவருடைய கருவியை மட்டும் கடன் வாங்குகிறோம். நண்பரின் கேள்வியில் உறுத்துவது அந்த இடம்தான்.

ஃபினிஷிங் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பாராட்டு அதற்குத்தான் கிடைக்கிறது. அட்டைக்கு வெளியே ரெசின் பூசி, உள்ளே ஃபைபர்கிளாஸ் துணி ஒட்டி இறுக்குவார்கள். (ரெசினின் ஸ்டைரீன் புகை ஆபத்தானது. வடிகட்டியுள்ள முகமூடி இல்லாமல், மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது.) பிறகு கார் ஒர்க்‌ஷாப்பில் போடும் அதே பட்டி, உப்புத்தாள், ப்ரைமர். நோக்கம் ஒன்றுதான், காகிதம் இருந்த தடமே தெரியக் கூடாது. இந்த வெறி எனக்குப் பிடிபடுவதில்லை. மடிப்புக்கோடுகளில் நான்கைந்தைத் தகடுகளின் இணைப்பாக அப்படியே விட்டுவைத்த கைகள்தான் என் கண்ணுக்கு அதிகம் இயந்திரமாகத் தெரிந்திருக்கின்றன. முழுக்க இழைத்த கை, ஷோரூமில் நிற்கும் பைக் டேங்க். தேய்மானமும் அப்படித்தான். காய்ந்த பிரஷ்ஷில் வெள்ளி நிறம் தொட்டு எல்லா விளிம்பிலும் ஒரே மாதிரி இழுத்துவிடுகிறார்கள். வலது கைக்காரன் எதை எடுப்பான், எங்கே இடித்துக்கொள்வான் என்று யோசித்து, விரல் முட்டியிலும் முழங்கையின் வெளிப்பக்கத்திலும் மட்டும் கீறல் போட்ட ஒரு கையைப் பார்த்தால் நான் நின்று பார்ப்பேன். ஷின்யா சுகமோட்டோவின் 'டெட்சுவோ: தி அயர்ன் மேன்' 1989இல் 16 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளையில், கையில் காசில்லாமல் எடுக்கப்பட்ட படம். உடம்பெல்லாம் பழைய இரும்புச் சாமான். ஒரு ஃபினிஷிங்கும் கிடையாது. ஆனாலும் பார்க்கும்போது நமக்கு வலிக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் காகிதக் கை மூலக்கதைக்கு மிக அருகில் போய்விடுகிறது, அதுவும் யாரும் திட்டமிடாமல். இவை உடையும். முழங்கை மடங்கும் இடத்தில் டெம்ப்ளேட்டால் எதுவும் செய்ய முடியாது. கறுப்புத் துணியால் இடைவெளியை மறைத்து இரண்டு உருளைகளையும் தொங்கவிட வேண்டும். அரை மணி நேரத்தில் ஏதாவது ஒன்று பிய்யும். அதனால் பையில் பசை, டேப், மார்க்கர் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. ஆட்டோமெயிலைக் கட்டுவதும், உடைத்துக்கொண்டு வரும் எட்வர்டைத் திட்டிக்கொண்டே பழுது பார்ப்பதும் வின்ரி ராக்பெல் என்ற பெண். ஒருமுறை அவள் ஒரு ஸ்குரூவை விட்டுவிட்டதால் சண்டையின் நடுவே கை செயலிழந்துபோகிறது. நாம் எட்வர்டின் கோட்டைப் போட்டுக்கொள்கிறோமே தவிர, மேசை விளக்கின் கீழே 47ஆம் எண்ணைத் தேடிய இரவுகளில் செய்துகொண்டிருந்தது வின்ரியின் வேலை. வின்ரியாக வேடம் போடுபவர்கள் ஸ்பேனரோடு வருகிறார்கள். அவர்களில் ஒருவராவது தான் கட்டிய கையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும்.

கடைசியாக ஒரு மனக்குறை. எட்வர்டுக்கு வலது கை மட்டுமல்ல, இடது காலும் ஆட்டோமெயில். கதை முடியும்போது கை திரும்பக் கிடைத்துவிடுகிறது, கால் கிடைப்பதில்லை. ஆனால் எல்லோரும் கையைத்தான் செய்கிறார்கள். கால் பேன்ட்டுக்குள் மறைந்துவிடும், புகைப்படத்தில் வராது, அதோடு அதில் எடை ஏறும். நான் கால் செய்கிறேன். அட்டையை அப்படியே மாட்டாமல், துண்டுகளின் ஒட்டுமடிப்புகளை வெட்டிவிட்டுப் பத்து மில்லிமீட்டர் ஃபோமில் வரைந்து எடுக்கிறேன். தொடைக்கான பூண் முடிந்துவிட்டது, தழும்பு உட்பட. முட்டியில் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை. மாட்டினால் நிற்க முடிகிறது, படி ஏற முடியவில்லை.