டம்ளரும் மூடியும் போதுமா?

எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். அது நேராகப் போகாது. வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருப்பதால் வளைந்து ஓடி, வட்டமடித்து, உருட்டியவர் பக்கமே திரும்பி வரப் பார்க்கும். பந்து உருண்டால் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். டம்ளர் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்கும். அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தைக்கு இது பெரிய வசதி. தரையில் படும்போது மணிபோல ஒலிக்கிறது, நாக்கில் வைத்தால் குளிர்கிறது, உள்ளே வாயை வைத்துக் கத்தினால் குரல் மாறுகிறது, பக்கவாட்டில் பார்த்தால் முகம் கோணலாகத் தெரிகிறது. இத்தனையும் ஒரே பொருளில், பேட்டரி இல்லாமல்.

சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றி எழுந்திருக்கும் அடுக்ககங்களில் இரண்டு வயதுக் குழந்தை உள்ள வீடு எதற்குப் போனாலும் ஒரே குறையைக் கேட்கலாம். பிறந்தநாளுக்கு வந்த பொம்மைகள் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையக் கிடக்கின்றன. பிள்ளையோ சமையலறை அலமாரியைத் திறந்து இட்லித் தட்டுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்துப் பலரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: பொம்மையே வேண்டாம், பாத்திரத்தைக் கொடுங்கள், அட்டைப்பெட்டியைக் கொடுங்கள், குழந்தைக்கு எளிமைதான் பிடிக்கும். இந்த முடிவில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. மீதியைப் பேசாமல் விடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

முதலில் உண்மை. ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரையிலான பருவத்தைப் பற்றிச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே நுணுக்கமாக எழுதியிருக்கிறார். தன் சொந்தக் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து அவர் சொன்னது இது: இந்த வயதில் குழந்தை ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் அதைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் செய்கிறது. கரண்டியை உட்கார்ந்தபடி போடும், நின்றபடி போடும், மெத்தைமேல் போடும், தண்ணீரில் போடும். நமக்கு அது சேட்டை. குழந்தைக்கு அது சோதனை. சோதனைக்கு ஏற்ற பொருள், செய்கை மாறினால் விளைவும் மாறக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். கரண்டி அப்படிப்பட்டது. பொத்தானை அழுத்தினால் ஒரே பாட்டைப் பாடும் பொம்மை அப்படிப்பட்டதல்ல. மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் அதே பாட்டு, அதே சிவப்பு விளக்கு. குழந்தை அதை ஒதுக்கிவைக்கும்போது அதற்குப் பொறுமை இல்லை என்று நாம் சொல்கிறோம். பொம்மையிடம் மேற்கொண்டு பதில் இல்லை என்பதே சரி.

அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டப் பெட்டி, உள்ளே சின்னக் கிண்ணங்கள், மேலே இறுக்கமான மூடி. கடுகையும் மிளகையும் கொட்டிவிட்டுக் கழுவித் துடைத்துக் கொடுத்தால், எடுப்பது, வைப்பது, மூடுவது, திறப்பது, ஒன்றுக்குள் ஒன்றைத் திணிக்க முயல்வது, முடியாமல் கத்துவது என்று வெகுநேரம் போகும். கிண்ணம் வட்டமானது, நடுவில் விடப்பட்ட இடமும் வட்டமானது, இரண்டும் பொருந்துகின்றன என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எளிமைதான் காரணம் என்றால், அதே குழந்தை டிவி ரிமோட்டுக்கும் செல்போனுக்கும் ஏன் அழுகிறது? வீட்டில் உள்ளவற்றிலேயே சிக்கலான பொருள்கள் அவை. பழுதான பழைய ரிமோட்டைக் கையில் கொடுத்து ஏமாற்றப் பார்த்த பெற்றோருக்குத் தெரியும்: சில நிமிடம் பார்க்கும், பிறகு வீசிவிட்டு அப்பா கையில் இருப்பதையே கேட்கும். துடைப்பமும் சாவிக்கொத்தும் மூக்குக்கண்ணாடியும் இந்த வரிசையில் சேர்ந்தவையே. பெரியவர்கள் தொடும் பொருள், பெரியவர்கள் அக்கறையோடு கையாளும் பொருள், அதுதான் வேண்டும். ஆக, பாத்திரத்தின் கவர்ச்சிக்கு இரண்டு வேர்கள்: அது கைக்குப் பதில் சொல்கிறது, அது அம்மாவின் உலகத்தைச் சேர்ந்தது. இரண்டாவது வேரை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் பேசுவதால்தான், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சமையல் செட்டைக் குழந்தை ஏன் சீண்டுவதில்லை என்று விளங்காமல் போகிறது.

1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைக் குடியிருப்புக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரியும் இதைத்தான் கண்டார். நல்ல பொம்மைகள் இருந்தும் அந்தக் குழந்தைகள் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. உண்மையான வேலைகளையே நாடினார்கள். அதே மாண்டிசோரி 1939இல் நம் அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று தென்சென்னையில் தெருவுக்குத் தெரு அவர் பெயரைப் பலகையில் எழுதிய மழலைப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை பள்ளிகளில் குழந்தை உண்மையான துடைப்பத்தை எடுத்துக் கூட்டலாம், உண்மையான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றலாம் என்று சேர்க்கப் போகும் பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பொருள் கைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது நம் பழைய கவிஞர்களுக்கும் தெரிந்திருந்தது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார், தச்சன் செய்துகொடுத்த சின்னத் தேரைச் சொல்கிறார். பிள்ளைகள் அதில் ஏறி ஊர முடியாது. ஆனாலும் கையால் இழுத்தே மகிழ்கிறார்கள் என்பது அவர் கண்ட காட்சி. காதலைப் பற்றிய பாட்டுக்கு உவமையாக வந்தது என்றாலும், பொம்மையின் இன்பம் அதன் வேலையில் இல்லை, குழந்தையின் கையில் இருக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் ஓட்டுகிறார்கள். பிள்ளைத்தமிழ் நூல்கள் சிறுபறைக்கும் சிறுதேருக்கும் தனித்தனிப் பருவமே ஒதுக்கின.

மூன்று சக்கரம் என்றதும் நடைவண்டி நினைவுக்கு வருகிறது. காஞ்சிபுரம் கோயில் கடைத்தெருவிலும் ஊர்த் திருவிழாக்களிலும் இன்னும் கிடைக்கும் அந்த மரவண்டியை, கடைகளில் விற்கும் சக்கரம் வைத்த பேபி வாக்கருடன் ஒப்பிட்டால் எளிய பொருளின் மேன்மை ஐயமின்றித் தெரியும். நடைவண்டியைப் பிடித்துக் குழந்தை தானே எழுந்து நிற்க வேண்டும். தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். கை நழுவினால் உட்கார்ந்துவிடும். வாக்கரில் குழந்தை தொட்டில்போலத் தொங்கும் இருக்கையில் உட்கார்ந்து கால் நுனியால் உந்துகிறது. தன் காலையே அது பார்க்க முடியாது. வேகமோ பெரியவர் எட்டிப் பிடிக்க முடியாத வேகம். படிக்கட்டில் உருண்ட விபத்துகள் பெருகியதால் கனடா 2004இலேயே வாக்கரைத் தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் தடை கோரிவருகிறது. நம் ஊரிலோ அது இன்னும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே வீடு தேடி வரும் அன்பளிப்பு. இந்த ஒரு விஷயத்தில் தயக்கமில்லாமல் சொல்வேன்: வாக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடைவண்டி வாங்குங்கள். அதுவும் சமதரையில், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

ஆய்வுகளும் எளிமையின் பக்கம் இருப்பதாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அவற்றைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். 2018இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 குழந்தைகளைக் கவனித்தார்கள். அறையில் 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடினார்கள். அங்கே ஒப்பிடப்பட்டது பொம்மைகளின் எண்ணிக்கை. பாத்திரத்தையும் பொம்மையையும் அல்ல. அதற்கு முன் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா, 10 முதல் 16 மாதக் குழந்தைகள் உள்ள 26 குடும்பங்களில் செய்த ஆய்வு என் பார்வையில் இன்னும் முக்கியமானது. பேசும், பாடும் மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் குழந்தையிடம் குறைவாகப் பேசினார்கள். சாதாரணப் பொம்மைகளோடு கூடுதலாகப் பேசினார்கள். புத்தகத்தோடு இன்னும் அதிகம். பொம்மை பேசத் தொடங்கினால் வீடு வாயை மூடிக்கொள்கிறது. இரண்டுமே சிறிய ஆய்வுகள், அமெரிக்காவில் நடந்தவை. கூட்டுக் குடும்பமும் பக்கத்து வீட்டு அத்தைகளும் இருக்கும் வீட்டில் கணக்கு மாறலாம். ஆனாலும் சோசா காட்டிய திசை நம்பத் தகுந்தது: பொருளின் நன்மை, அது பெரியவரை எவ்வளவு உள்ளே இழுக்கிறது என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் பாத்திர யோசனையின் பலவீனம் தொடங்குகிறது. எளிய பொருள் பெரியவரைக் கேட்கிறது. பிரிட்டனில் எலினார் கோல்ட்ஷ்மிட் என்ற கல்வியாளர், கூடையில் மரக்கரண்டி, தூரிகை, சங்கிலி, எலுமிச்சம்பழம் போன்ற பொருள்களை நிரப்பிக் குழந்தையிடம் வைக்கும் முறையைப் பரப்பினார். அதில் அவர் விடாப்பிடியாகச் சொன்ன நிபந்தனை, ஒரு பெரியவர் அருகில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. கூடை மட்டும் இங்கே வந்துசேர்ந்தது. நிபந்தனை வழியில் விழுந்துவிட்டது. இன்று செல்போனில் ஓடும் காணொளிகளில் தட்டு நிறையப் பட்டாணியும் கொண்டைக்கடலையும் கொட்டி ஒன்றரை வயதுக் குழந்தையை அளையவிடுகிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது. வேர்க்கடலையோ பட்டாணியோ மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்வது நம் குழந்தை மருத்துவர்கள் நன்கறிந்த அவசரநிலை. அரைவாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்த குழந்தையால் தானாக எழ முடியாது. ரிமோட்டிலும் எடைபார்க்கும் கருவியிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும்.

கடைப் பொம்மைக்கு இந்த விஷயத்தில் ஒரு காவல் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்; பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மையில் 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கிவிடும் சின்னப் பாகம் இருக்கக் கூடாது. குக்கர் வெயிட்டுக்கு யாரும் அந்தச் சோதனை செய்வதில்லை. ஊக்குக்கும் நாணயத்துக்கும் இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொம்மை எடுப்பவர்களும் பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்து எடுப்பது நல்லது.

அடுத்த கேள்வி, பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்? முற்றமும் திண்ணையும் இருந்த வீட்டில் குழந்தை பாத்திரத்தை உருட்டினால் பார்க்க நான்கு பேர் இருந்தார்கள். ஊரப்பாக்கம் அடுக்ககத்தில், கணவர் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்தில் இருக்க, மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு குழந்தையையும் பார்க்க, கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார். இல்லையென்றால் மூட்டுவலியோடு ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. பாத்திரத்தைக் கொடுங்கள் என்ற யோசனையைச் சொல்வது எளிது. சிதறிய இருபது மூடிகளைக் குனிந்து பொறுக்குவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் இடுப்பு. இதைக் கணக்கில் எடுக்காத எளிமைப் புகழ்ச்சியை நான் ஏற்கமாட்டேன். பெற்றோரைக் குற்றவாளியாக்கும் இந்த யோசனையை வைத்தே சந்தையும் பிழைக்கிறது: மாண்டிசோரி என்று பெயரிட்ட வழவழப்பான மரக்கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் விற்கின்றன. வீட்டிலிருக்கும் கிண்ணம் அதே வேலையைச் செய்யும்.

எளிமை எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி உதவுவதும் இல்லை. கை அசைவு குறைந்த குழந்தைக்கு, லேசாகத் தொட்டால் ஒலித்து ஒளிரும் அந்தப் பேட்டரிப் பொம்மையே தன் செய்கைக்கு உலகம் பதில் சொல்கிறது என்பதைக் காட்டும் முதல் பொருளாக இருக்கலாம். 2005இல் தொடங்கப்பட்ட முட்டுக்காடு தேசியப் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் போன்ற இடங்களில் சிகிச்சையாளர்கள் பொம்மையைத் தேர்ந்தெடுப்பது இந்தக் கணக்கில்தான்.

எளிமையைப் புகழ்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தென்புறநகரில் எழும் கட்டடங்களில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் மணல்குவியலிலும் கம்பித் துண்டுகளிலும் விளையாடுகின்றன. அதைப் படமெடுத்து எளிமையின் மகிழ்ச்சி என்று போடுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதே அங்குள்ள செய்தி. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற நல்ல பாடத்திட்டம் இருக்கிறது; அதை நடத்தத் தேவையான இடமும் பொருளும் மையத்துக்கு மையம் வேறுபடுகின்றன. குழந்தைக்குத்தான் டப்பாவே போதுமே என்று சொல்லி அந்தச் செலவைக் குறைக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: பாத்திரமும் பெட்டியும் நல்ல விளையாட்டுப் பொருள்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் நேரத்தில். அந்த நேரம் முடிந்ததும் அவை மேல்தட்டுக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும் சமையலறையின் கீழ் அலமாரி ஒன்றைக் குழந்தைக்கு ஒதுக்குங்கள். அதில் உங்கள் கைப்பிடிக்குள் மறையாத அளவுள்ள நாலைந்து பொருள்களை வையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள், உள்ளே போகும் ஒவ்வொன்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள், கூர்முனை இருக்கிறதா என்று. வேலை முடிந்து வீடு திரும்பும் அப்பாக்களிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: போனை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, அந்த அலமாரிக்கு எதிரே அரைமணி நேரம் தரையில் உட்காருங்கள். சிதறிய மூடிகளையும் நீங்களே பொறுக்கி வையுங்கள்.