மானநஷ்டம்: யாருடைய மானம், யாருக்கு நஷ்டம்?

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தாண்ட இருக்கிற ஓர் இருளர் குடியிருப்பில் ‘ஜெய்பீம்’ படத்தை ஒரே செல்போனில் எட்டு பேர் நெருக்கி உட்கார்ந்து பார்த்தோம். ஸ்டேசன் காட்சி வந்ததும் ஒரு பெரியம்மா எழுந்து வெளியே போய்விட்டார். “அடிக்கிறதகூட பாத்துடலாம் தம்பி. அந்தப் பேச்சத்தான் காதால கேக்க முடியல” என்றார். நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் தடியடியைப் பற்றியே எழுதியிருந்தன. பேச்சைப் பற்றி ஒரு வரி இல்லை.

1993இல் கம்மாபுரம் போலீசிடம் சிக்கி உயிரிழந்த ராஜாகண்ணு, விடாமல் போராடிய அவர் மனைவி பார்வதி, 2006இல் போலீஸ்காரர்களைத் தண்டித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு, இவைதான் படத்தின் வேர். படம் 2021 நவம்பர் 2ஆம் தேதி வந்தது. ரெண்டே வாரத்தில் பேச்சு லாக்கப்பை விட்டுக் காலண்டருக்குப் போய்விட்டது. எஸ்.ஐ. வீட்டுச் சுவரில் அக்னி குண்டம் போட்ட காலண்டர். வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் விட்டது. காலண்டரில் லட்சுமி வந்து உட்கார்ந்தாள். இயக்குநர் ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். சைதாப்பேட்டை கோர்ட் உத்தரவில் வழக்கும் பதிவானது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நிஜத்தில் அந்த எஸ்.ஐ. வன்னியர் அல்ல. அந்தக் காலண்டர் வேண்டாத வேலை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இதே படம் குறவரான ராஜாகண்ணுவை இருளராக்கியது. செத்துப்போனவனின் சாதியையே மாற்றி எழுதினார்கள். அதற்காகப் படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை. சங்கம் இருக்கிறவனின் மானம் ஒரு வாரத்தில் திரும்பக் கிடைக்கிறது.

சட்டமும் இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய 499ஆம் பிரிவு, ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசினாலும் அவதூறு என்றது. 2024 ஜூலையில் சட்டத்தின் பெயரை மாற்றியபோது பிரிவின் எண் 356 ஆனது. ரெண்டு வருஷ ஜெயில் அப்படியே இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2016இல் இது செல்லும் என்றுவிட்டது.

இதே நீதிமன்றம்தான் 1994 அக்டோபரில் வேறு மாதிரி பேசியது. அது நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துச் சங்கதி. கிளைச் சிறையில் இருந்தபோது ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ போடப் போவதாக அறிவித்தது. அதில் போலீஸ் அதிகாரிகளின் கூட்டும் உண்டு. பிரசுரிக்கக் கூடாது என்று சிறைத்துறை தலைவர் கடிதம் எழுதினார். அச்சாகும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை, அரசாங்கம் மானநஷ்ட வழக்கு போட முடியாது, அலுவல் பற்றி எழுதியது பொய்யென்றாலும் உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதியதை நிரூபித்தால்தான் அதிகாரிக்கு நஷ்டஈடு என்றது தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது சிவில் பக்கம் மட்டும். கிரிமினல் பிரிவைக் காட்டி மிரட்டுவது நிற்கவில்லை.

சரி, பெரியம்மா சொன்ன பேச்சுக்கு என்ன வழி? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது. சாதி சொல்லி இழிவுபடுத்தினால் குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் திருச்சிப் பக்கத்து வழக்கொன்றில், அரசு அலுவலக அறைக்குள் நாலு சுவருக்கு நடுவே திட்டியது இதில் சேராது என்று உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. லாக்கப்புக்கும் நாலு சுவர்தான். கேட்ட சாட்சி யார்? இன்னொரு போலீஸ்காரர்.

எல்லா ஸ்டேசனிலும் கேமரா வைக்கணும், அதில் குரலும் பதிவாகணும் என்று 2020 டிசம்பரில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. குரலையும் கேட்டதுதான் அதில் எனக்குப் பெரிசாகப் பட்டது. ஒரு பையனுக்காக மனு கொடுக்கப் போன ஸ்டேசனில் ரைட்டர் மேசைக்கு மேலே கேமரா இருந்தது. அன்றைய பதிவு வேண்டும் என்றேன். “படம் இருக்கும் சார், சவுண்ட் வராது” என்றார்கள்.