விலை போடாத நூல்

இலக்கிய ஏடுகளில் மதிப்புரை பெறும் நூல்களுக்கு விலை உண்டு. ஆசிரியர் பெயர் உண்டு. பெரியவர் ஒருவரின் அணிந்துரையும் உண்டு. இவற்றில் எதுவுமில்லாத நூல் ஒன்றை இம்முறை நாம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வாங்கினால் அட்டைப் பெட்டியின் அடியில் கிடக்கிறதே, அந்தச் சிறு கையேடுதான் அது. கதை நூலும் கவிதை நூலும் எட்டிப் பாராத வீடுகளிலும் இது குடிபுகுந்துவிட்டது. இத்துணைப் பரவலான ஓர் உரைநடையை, இலக்கியமன்று என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. தர்மபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படி ஒதுக்குவதற்கில்லை.

காரணத்தை இவ்வூர்ப் பிள்ளைகளின் பற்களே சொல்லும். பாறை மிகுந்த இந்த மாவட்டத்தில் நிலத்தடி நீரோடு ஃபுளோரைடு கரைந்து வருகிறது. பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி வளர்ந்த தலைமுறையில் பழுப்புக் கறை படிந்த பற்களைக் காண்பது அரிதன்று. பல் முளைத்து உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஏற்படும் இக்கறை பின்னர் எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. நெடுங்காலம் அந்நீரையே அருந்தினால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். நம் நாட்டில் இந்நோய் 1937ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. காவிரி நீரைக் கொணர்ந்து இத்துன்பத்தைத் துடைக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. அது பெரும்பணி, அதில் ஐயமில்லை. ஆனால் குழாயில் நீர் வராத நாளில் கை தானாகவே ஆழ்குழாய்க் கிணற்றின் விசையைத் தேடுகிறது. வசதியுள்ள வீட்டினர் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொள்கின்றனர். கருவியோடு கையேடும் வந்துவிடுகிறது.

இந்தக் கையேடுகளில் சிலவற்றை நாம் வரிவிடாமல் படித்துப் பார்த்தோம். முதலில் நடையைச் சொல்லவேண்டும். 'தங்கள் மதிப்புமிக்க குடும்பத்தின் ஆரோக்கியத்தை உறுதி செய்யும் பொருட்டு வடிவமைக்கப்பட்டுள்ள' என்று தொடங்கும் வாக்கியம், எழுவாயைத் தேடி மூன்று வரி அலைந்து, முடியும்போது தொடங்கிய இடத்தை மறந்திருக்கும். ஆங்கில மூலத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்துவைத்த உரைநடை இப்படித்தான் இருக்கும். இலக்கணப் பிழைகளைக்கூட மன்னித்துவிடலாம். உயிரும் உடம்பும் சம்பந்தப்பட்ட இடத்தில் வந்ததும் அந்த நடை மௌனமாகிவிடுகிறதே, அதை மன்னிக்க இயலவில்லை.

டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்தை எடுத்துக்கொள்வோம். கையேட்டின் கதாநாயகன் இந்த எண்தான். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை அது குறிக்கிறது. பேனா போன்ற சிறு அளவி நீரில் மின்சாரம் பாயும் தன்மையைப் பார்த்து அதனைக் கணக்கிட்டுச் சொல்கிறது. எந்த உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை மொத்த உப்பு இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. 400 காட்டும் கிணற்று நீரைப் பார்த்து இல்லத்தரசி நிம்மதியடைகிறாள். அதே நீரில் ஃபுளோரைடு 3 மில்லிகிராம் இருக்கக்கூடும். 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்று வகுத்திருக்கும்போது, 3 என்பது நஞ்சுக்கு நிகர். அளவியைக் குறைகூற நாம் வரவில்லை. கருவிக்குள் போகும் நீரையும் வெளிவரும் நீரையும் அளந்து ஒப்பிட்டால், உள்ளிருக்கும் சவ்வு பழுதாகிவிட்டதா என்பதை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். அளவியின் அந்தப் பயனைச் சொல்லாமல், 'குறைந்த எண் நல்ல நீர்' என்ற பொருள் தொனிக்கும்படி எழுதுவதைத்தான் குறை என்கிறோம்.

இதைவிட மோசமான இடம் ஒன்றுண்டு. ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவையைக் கூட்டிக்கொள்வதற்கென ஒரு திருகாணி இருக்கிறது. நீர் சப்பென்றிருந்தால் அதைத் திருகி டி.டி.எஸ்.ஸை உயர்த்திக்கொள்ளலாம் என்கிறது கையேடு. எப்படி உயர்கிறது? சவ்வின் வழியே செல்லாத கிணற்று நீரில் ஒரு பங்கு, வடிகட்டிய நீரோடு கலந்துவிடப்படுகிறது. அவ்வளவுதான். கிணற்று நீரில் 6 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்து, நாலில் ஒரு பங்கு இப்படிக் கலக்குமானால் 1.5 மில்லிகிராம் பத்திரமாகத் திரும்பி வந்து தம்ளரில் அமர்ந்துவிடும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வெளியேற்றியதை ஒரு திருகலில் மீண்டும் அழைத்துக்கொள்கிறோம். புற ஊதா விளக்கு மட்டும் பொருத்திய கருவியோ ஃபுளோரைடைத் தொடுவதே இல்லை. கிருமியைக் கொல்வதே அதன் வேலை. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. நீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. கழிவுக் குழாயில் போகும் நீரைப் 'பிற தேவைகளுக்கு'ப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார்களே, அந்தப் பிற தேவையில் மாட்டுத் தொட்டியும் அடங்குமா? ஃபுளோரைடு செறிந்து நிற்பது அந்த நீரில்தான்; மாட்டின் பல்லையும் எலும்பையும் கூட அது விட்டுவைப்பதில்லை.

தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புவதற்கில்லை. யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பை ஆண்டுக்கணக்கில் நடத்திய மணவை முஸ்தபா அவர்கள், மருத்துவத்துக்கும் கணினிக்கும் கலைச்சொல் அகராதிகளைத் தனியொருவராக நின்று தொகுத்தளித்துவிட்டு 2017இல் மறைந்தார். அவருக்கும் நெடுங்காலம் முன்பே, யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் உடற்கூற்று நூலையும் அறுவை மருத்துவ நூலையும் தமிழில் ஆக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆக, இங்கே பற்றாக்குறை சொல்லில் இல்லை. படிப்பவர் யார், அவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்ற நினைவு எழுதுபவரிடம் இல்லை.

அந்த நினைவோடு எழுதப்பட்ட கையேடுகள் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. ஃபிக்ஹு நூல்களைத்தான் சொல்கிறோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் அரபுத் தமிழில் 'ஃபத்ஹுத் தய்யான்' எழுதியது, அரபு படித்த ஆலிம்களுக்காக அன்று; அரபு அறியாத ஆண்களுக்கும் பெண்களுக்குமாக. வீட்டில் உருது பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் குடும்பங்கள் தர்மபுரிப் பக்கம் நிறைய உண்டு. அவ்வீடுகளில் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) அவர்களின் 'பெஹிஷ்தீ ஜேவர்' அதே பணியைச் செய்தது. அதில் தொழுகையோடு வைத்தியமும் கடிதம் எழுதும் முறையும்கூட இடம்பெற்றன.

ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் தண்ணீரிலிருந்துதான் தொடங்குகின்றன என்பது நம் பொருளுக்கு எத்தனை பொருத்தம்! நீரின் வகையை முதலில் சொல்லி, நிறம், சுவை, மணம் என்ற மூன்று அடையாளங்களைக் காட்டி, எது மாறினால் எது கூடாது என்று அறுதியிடுகின்றன. ஷாஃபியீ நூல்கள் இரண்டு குல்லத்து நீரின் அளவைச் சொல்லும் முறையைப் பாருங்கள்: நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம். கையை நீட்டி அளந்துகொள்ளலாம். பேனா அளவி வேண்டியதில்லை. ஒளு எப்படிச் செய்வது என்பதோடு அவை நிற்கவில்லை; எதனால் முறியும், ஐயம் வந்தால் என்ன செய்வது, நீரே இல்லாவிட்டால் என்ன வழி என்பனவும் அடுத்தடுத்து வருகின்றன. உலோகப் பாத்திரத்தில் வெயிலில் சூடேறிய நீரை உடலுக்குப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று ஷாஃபியீ அறிஞர்கள் எழுதியது தோல் நோய்க்கு அஞ்சியே. அந்த அச்சத்தை இன்றைய மருத்துவம் ஏற்கிறதா என்பது வேறு கேள்வி. நீர் தூய்மையாயிருந்தும் உடலுக்கு ஊறு செய்யலாம் என்று எண்ணிப் பார்த்த எழுத்து அது.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, இங்கு காணும் அளவில் சுவையும் தெரிவதில்லை. ஹவுளில் ஒளுவுக்கு முற்றிலும் தகுதியான நீர், குழந்தைக்குப் புகட்டத் தகாததாக இருக்கலாம். மூன்று அடையாளங்களும் கைவிடும் இந்த இடத்தில்தான் புதிய கையேடு நமக்குத் துணை நின்றிருக்க வேண்டும்.

அது எழுதியிருக்க வேண்டியது அரைப் பக்கம்தான். எழுதிக் காட்டுகிறோம்: 'கருவி வாங்குமுன் உங்கள் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்து ஃபுளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் புற ஊதாக் கருவி போதாது. சுவைத் திருகாணியைத் தொடாதீர்கள். பழுது பார்க்க வருபவரையும் தொடவிடாதீர்கள். கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் மட்டும் ஊற்றுங்கள். சமைக்காதீர்கள், மாட்டுக்கு வைக்காதீர்கள். சவ்வு மாற்றியபின் மறுபடியும் நீரை ஆய்வுக்குக் கொடுங்கள்.'

நாம் பார்த்த கையேடு ஒன்றில் எந்தெந்தப் பழுதுக்கு உத்தரவாதம் செல்லாது என்பதற்கு மட்டும் இரண்டு முழுப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பகுதியின் தமிழ் பிழையின்றித் தெளிவாகவே இருக்கிறது.