ஆடும் பல்லுக்குப் புதுப் பிடிமானம்: ஈறு அறுவையின் வரம்புகள்

பல்லைத் தாடையில் நிறுத்திவைப்பவை மூன்று: வேரைப் போர்த்திய சிமெண்டம், சுற்றியுள்ள எலும்பு, இரண்டையும் பிணைக்கும் நார்த்திசு. முற்றிய ஈறு நோய் இம்மூன்றையும் அரிக்கிறது. ஈறைத் திறந்து காரையைச் சுரண்டினால் நோய் அடங்கும். போன பிடிமானம் திரும்பாது. ஆறும்போது ஈறின் மேல்தோல் செல்கள் முந்திக்கொண்டு வேரின்மேல் இறங்கிவிடுவதே காரணம். வேரை முதலில் அடையும் செல்லே ஆறும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்று 1976இல் ஆய்வாளர் மெல்ச்சர் சொன்னார். 1982இல் ஸ்வீடனின் நைமன் குழு ஈறுக்கும் வேருக்கும் நடுவே ஒரு சவ்வைத் தடுப்பாக வைத்து, மனிதப் பல்லில் அதை மெய்ப்பித்தது.

கருத்து வலுவானது, பலன் அளவானது. 2006இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, வெறும் ஈறு அறுவையைவிடச் சவ்வு வைத்ததில் கிடைத்த கூடுதல் பிடிமானம் சராசரியாக 1.2 மில்லிமீட்டர். அதுவும் எல்லாப் பற்களிலும் கிடைப்பதில்லை. எலும்பு ஒரு பக்கம் குறுகலாக, ஆழமாகக் குழிந்திருந்தால் மீட்சி நன்றாக வரும். பெரும்பாலானோருக்கு நேர்வதுபோல் வரிசை முழுக்க எலும்பு மட்டமாகக் கரைந்திருந்தால், எந்த விலையுயர்ந்த பொருளும் உதவாது. எடுக்கவேண்டியவை என்று கைவிடப்பட்ட பற்களில் 88 விழுக்காடு பத்தாண்டு நிலைத்ததாக 2020இல் கார்டெல்லினி குழு காட்டியது உண்மை; ஆனால் அவை தேர்ந்த கைகள் செய்து, தவறாமல் கண்காணித்த 25 பேரின் பற்கள்.

எக்ஸ்ரேயும் ஏமாற்றும். குழியில் நிரப்பிய எலும்புத் தூளே படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதைக் காட்டி ‘எலும்பு வளர்ந்துவிட்டது’ என்று சொல்லிவிடலாம். புது சிமெண்டமும் நாரும் உண்டானதா என்பதைத் திசுவை வெட்டிப் பார்த்தால்தான் அறியமுடியும்.

பொருளின் மூலமும் நோயாளிக்குத் தெரியவேண்டும். சவ்வுகள் பலவும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருபவை. மீட்சிக்காக வேரில் தடவும் எனாமல் புரதக் கூழ் பன்றியின் பல்முளையிலிருந்து எடுப்பது. இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து வாழும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் இதைச் சொல்லாமல் வைப்பது சரியல்ல. மாற்று இருக்கிறது. மீன் கொலாஜன் சவ்வு சென்னையிலேயே தயாராகிறது. இன்னொன்று நோயாளியின் ரத்தமே: 10 மில்லிலிட்டர் எடுத்து, உறைவுத் தடுப்பு சேர்க்காமல் உடனே சுழற்றினால், அடியில் சிவப்பணுக்களும் மேலே தெளிநீரும் பிரிய, நடுவில் மஞ்சள் கூழ் திரள்கிறது. அதை அழுத்தினால் சவ்வு. 2001இல் ஷுக்ருன் என்ற மருத்துவர் வகுத்த இந்த முறை பிரான்சிலிருந்து வந்தது. செலவு குறைவு; இந்தியக் கல்லூரிகள் இதை விரும்புவதில் வியப்பில்லை.

காரைக்காலிலிருந்து புதுச்சேரியின் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் சுமார் 130 கிலோமீட்டர். சிதம்பரம் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி ஏறத்தாழப் பாதித் தொலைவு, ஆனால் அது தமிழ்நாட்டு எல்லைக்குள். அறுவைக்காக ஒருமுறை போய்வரலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யாவிட்டால், புகைபிடிப்பதை விடாவிட்டால், வளர்ந்த பிடிமானமும் கரையும். அந்தச் சுத்தத்துக்கு நிபுணர் வேண்டியதில்லை. உள்ளூர்ப் பல் மருத்துவரே போதும். எனவே அறுவை செய்த பல், வைத்த பொருள், அடுத்த சுத்தத்தின் தேதி ஆகியவற்றை அறுவை செய்யும் கல்லூரி ஒரு சீட்டில் எழுதிக் காரைக்கால் மருத்துவருக்கு அனுப்பவேண்டும். ஆறு மாதம்வரை அந்தப் பல்லின் ஈறுக்குள் ஆழம் பார்க்கும் கம்பியை விடக்கூடாது என்ற குறிப்பும் அந்தச் சீட்டில் இருக்கவேண்டும்.