ஒரே எஞ்சின், இரண்டு பட்டறைகள்

யாழ்ப்பாணத்துப் பாடப் புத்தகம் அமுக்கம் என்றும் சென்னைப் பாடப் புத்தகம் அழுத்தம் என்றும் எழுதுகிற ஒரே பௌதிக விஷயத்தை, இரண்டு ஊர்களிலும் கையில் கிரீஸ் படிந்த மனிதர்கள் ‘ஆயில் பிரஷர்’ என்றுதான் சொல்லுகிறார்கள். பெயரில் ஒன்றுபட்ட இவர்கள், புதிதாகக் கட்டிய எஞ்சினில் அந்தப் பிரஷர் திடீரென்று விழுந்துவிட்டால், காரணத்தைத் தேடுகிற முறையில் வெகுவாக வேறுபடுகிறார்கள் என்பதை, இரு கரைகளிலும் கார் வைத்திருந்து, இரு கரைகளிலும் பணத்தையும் தூக்கத்தையும் இழந்த அனுபவத்தினால் அறிந்தேன்.

ஒப்பிடுவதற்கு வசதியாக, எனக்கு வாய்த்த எஞ்சினும் ஒன்றாகவே இருந்தது. உத்தர்பாராவில் தயாரான அம்பாசடருக்கு 1959ஆம் ஆண்டு முதல் பொருத்தப்பட்ட 1489 சி.சி. எஞ்சினும், இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து இன்றும் யாழ்ப்பாண வீதிகளில் காணக் கிடைக்கிற ஒஸ்ரின் ஏ55 கேம்பிறிட்ஜின் எஞ்சினும், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி சீரீஸ்’ என்ற ஒரே வமிசத்தைச் சேர்ந்தவை. ஆகவே, இங்கே நான் சொல்லப்போகும் வித்தியாசத்துக்கு இரும்பு பொறுப்பல்ல.

பழைய எஞ்சினில் பிரஷர் குறைவது வருஷக் கணக்கில் நிகழ்கிற காரியம்; தேய்மானம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் போர் அடித்து, கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து, புதுப் பேரிங் ஷெல் போட்டு, ஓடத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத எஞ்சினில் தேய்வதற்கு நேரமே இருந்திராது. அதில் கேஜின் முள் சடாரென்று கீழே விழுந்தால், குற்றம் பெரும்பாலும் கட்டியவருடைய கையோடு உள்ளே போனதாகவே இருக்கும். எண்ணெய் வழியைக் கழுவுவதற்காகக் கழற்றிய பிளக்கைத் திரும்பப் போட மறந்திருக்கலாம், அல்லது இறுக்காமல் விட்ட பிளக் தெறித்து விழுந்திருக்கலாம். கிரைண்டிங் செய்த இரும்புத் தூள் ஒரு பொட்டு, பிளாக்கின் இடப்புறத்துப் பின்மூலையில் இருக்கிற ரிலீஃப் வால்வின் அடியில் சிக்கி, அதை மூடவிடாமல் செய்திருக்கலாம். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தை மாட்டும்போது பழைய வளையம் மேலே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனியாமல் விட்டிருக்கலாம். எல்லாவற்றிலும் கொடியது ஷெல்லின் அளவு பிசகுவது. இரண்டு அங்குல விட்டமுள்ள மெயின் ஜேர்னலுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளி போதும். 20 எண்ணுக்கு, அதாவது ஆயிரத்தில் 20 பங்கு குறையும்படி, கிரைண்டிங் செய்த கிராங்க்குக்கு 10 எண் ஷெல்லைப் போட்டுவிட்டால் அந்த இரண்டு பன்னிரண்டாகிவிடுகிறது. ஆனால் இந்தக் கடைசிக் குற்றம் முதல் நாளே, எஞ்சின் சூடேறியவுடன் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்; நாலு நாள் நன்றாக ஓடி ஐந்தாம் நாள் விழுகிற பிரஷருக்கு அதைக் காரணம் சொல்வது தர்க்கத்துக்குப் பொருந்தாது. எந்த நேரத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு விரைவாக விழுந்தது என்ற கேள்விதான் இந்த விசாரணையின் பாதி.

சென்னையில் அந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்கவில்லை. அம்பாசடர் எஞ்சினை இறக்கி வேலை பார்த்து ஏற்றிய நாலாம் நாள், சுமார் ஐம்பதில் நிற்க வேண்டிய முள் பத்துக்கு வந்தது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும், மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே, “சார், பம்ப் போயிருக்கும். மாத்திடலாம்” என்றார். அவருடைய அவசரத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் பையனை அனுப்பினால் புதுப் பம்ப்பும், புதுப்பேட்டைக்கு அனுப்பினால் பழைய பம்ப்பும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுகிற ஊரில், யோசிப்பதற்கு ஆகிற நேரத்தைவிட மாற்றிப் பார்ப்பதற்கு ஆகிற நேரம் குறைவு. ஆயில் சேம்பரைக் கழற்றிப் பம்ப் மாற்றப்பட்டது, முள் எழுந்தது, மறுநாள் அடையாறு தாண்டுவதற்குள் மறுபடி விழுந்தது. இரண்டாவது பம்ப் வேறு கம்பெனியுடையது. அதற்கும் அதே கதி. மூன்றாவது பம்ப்புக்கு முன்னால், வெறுப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்த என் கண்ணில் ஒன்று பட்டது: முள் விழுந்தபின் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்டார்ட் செய்தால், அது மறுபடி ஐம்பதில் போய் நின்றது. கெட்டுப்போன பம்ப்புக்குப் பத்து நிமிஷ ஓய்வில் ஆரோக்கியம் திரும்புவதில்லை அல்லவா? சேம்பரைக் கழற்றிப் பம்ப்பின் சல்லடையைப் பிரித்தபோது, உள்ளே கேஸ்கட் பசை வெண்டைக்காய் விதைபோலத் துணுக்குத் துணுக்காகக் கிடந்தது. எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் வேகத்தில் அவை வலைக்கண்களில் போய் ஒட்டிக்கொள்ளும், அணைத்தால் உதிர்ந்துவிடும். இதில் வேடிக்கை, ஒவ்வொரு முறை பம்ப் மாற்றிச் சேம்பரை மூடும்போதும் அந்த நல்ல மனிதர் தாராளமாகப் புதுப் பசை பூசி, நோயை வளர்த்திருக்கிறார் என்பதுதான்.

யாழ்ப்பாணத்துக் கதை இதற்குப் பல வருஷம் முந்தியது. வடக்கே பெற்றோலுக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வித்தையை ஊரெல்லாம் கற்றுக்கொண்டிருந்தது. உறவினர் ஒருவருடைய ஏ55க்கு அரும்பாடுபட்டுப் புது றிங் போட்டுப் பூட்டிய பத்தாம் நாள் பிரஷர் விழுந்தது. புதுப் பம்ப் வேண்டுமென்றால் அது கொழும்பில், பஞ்சிகாவத்தையில் இருந்தது. எங்களுக்கு அது சந்திரனில் இருந்தாலும் ஒன்றுதான். கராஜ்காரப் பெரியவர் எஞ்சினைத் தொடவில்லை. எண்ணெய்க் கம்பியை உருவி, சாரத்தின் நுனியில் துடைத்து, மறுபடி இட்டு உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நுனியிலிருந்த எண்ணெயைப் பெருவிரலில் தடவித் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, “தம்பி, எண்ணெய் குறையேல்லை, கூடியெல்லோ கிடக்கு. அதுதான் வருத்தம்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழுக் காரணமும் அடங்கியிருந்தது. சிலிண்டரில் நன்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய், இன்னும் சுவரோடு படியாத புது றிங்குகளைக் கடந்து, சென்னையில் சேம்பர் என்கிற சம்ப்புக்குள் வடிந்து, எண்ணெயை நீராக்கிவிட்டது. கம்பியில் மட்டம் ஏற, முள்ளில் பிரஷர் இறங்கியது. எண்ணெயை மாற்றி, எஞ்சின் சூடு தணியாதிருக்க றேடியேற்றரின் பாதியை மட்டை வைத்து மறைத்ததோடு வைத்தியம் முடிந்தது. அதே பெரியவர் இன்னொரு காருக்குச் செய்ததையும் பார்த்திருக்கிறேன்: வெங்காயத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைப்பம்பி ஒன்றைப் புதிதாக வாங்கி, சூடாக்கிய எஞ்சின் எண்ணெயை அதில் நிரப்பி, கேஜ் குழாய் பூட்டுகிற துவாரத்தின் வழியே அழுத்தி, சம்ப்பைக் கழற்றிய எஞ்சினின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டார். நல்ல பேரிங்குகளிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழ, ஒன்றிலிருந்து மட்டும் நூலாக ஒழுகியது. அதைக் கழற்றினார், வேறெதையும் கழற்றவில்லை.

இதனால் இலங்கை முறை உத்தமம், இந்திய முறை அதமம் என்று நான் தீர்ப்புச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தட்டுப்பாடு புத்தியைத் தீட்டுவதுபோலவே குறுக்கு யுக்தியையும் கற்பிக்கிறது. ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைச் செருகி முள்ளைத் தூக்கி நிறுத்துகிற காரியத்தை, உதிரிப்பாகம் கிடைக்காத நாட்களில் கைதேர்ந்தவர்களே செய்யக் கண்டிருக்கிறேன். அது வால்வு எந்த அளவில் திறக்க வேண்டும் என்பதை மாற்றுமேயொழிய, தளர்ந்த பேரிங்கில் வழிந்தோடுகிற எண்ணெயைத் தடுக்காது. காரின் சொந்தக்காரருக்கு ஒரு மாதம் நிம்மதியைக் கொடுத்து, பிறகு கிராங்க்கையே வாங்கிக்கொண்டு போகும். பம்ப்பை இரண்டு முறை மாற்றியவராவது என் பணத்தைத்தான் வீணாக்கினார், எஞ்சினைக் கொல்லவில்லை.

தேசத்தின் சுபாவம் என்று இதைச் சொல்வதும் பிசகு. அதே இலங்கையில் ஜப்பான் கார் வைத்திருப்பவருக்கு எஞ்சின் பழுதானால், பஞ்சிகாவத்தையில் கழற்றிவைத்த ஜப்பான் எஞ்சினையே முழுதாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அங்கே எண்ணெயை முகர்ந்து பார்க்க யாருக்கும் பொழுதில்லை. கடை கிட்ட இருந்தால் கை பொருளைத் தேடுகிறது, கடை தூர இருந்தால் கை எண்ணெய்க் கம்பியைத் தேடுகிறது. நான் கண்டது இவ்வளவே. ஆயினும், கேள்விகளின் வரிசையை யாழ்ப்பாணத்திலிருந்தும், காரணம் தெரிந்தபின் பொருளைச் சென்னையிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். முதலில் எண்ணெயின் மட்டமும் மணமும். அடுத்து, காரிலிருக்கும் கேஜை நம்பாமல் வேறொரு நல்ல கேஜைப் பூட்டிப் பார்ப்பது. அப்புறம், கழற்றச் சில நிமிஷமே ஆகிற ரிலீஃப் வால்வு. பின்பு ஃபில்டரை அறுத்து, மடிப்புகளுக்குள் பேரிங் உலோகம் மினுங்குகிறதா என்று வெயிலில் பார்ப்பது. சம்ப்பில் கை வைப்பது இவை அத்தனைக்கும் பிறகுதான்.

வாசகர்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம் மாத்திரம் உண்டு. முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு மட்டுமே உள்ள கார்களில், பிரஷர் ஏறத்தாழ முழுவதும் போனபிறகுதான் அந்த விளக்கு எரியும். அது எரிந்தால், பட்டறை அரை மைல்தானே என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே அணைத்துவிட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.